பிராக்குக்கு அம்மா மட்டும் வருகிறாள்

தம்பி,

விமான நிலையத்தில் நீ ஒருவரைத்தான் தேட வேண்டியிருக்கும். அம்மா மட்டும் வருகிறாள். அரக்குக் கலர் சேலை, அதன்மேல் ஈரோட்டில் வாங்கிய கருப்பு ஸ்வெட்டர், கழுத்தில் பாஸ்போர்ட் பை. துபாயில் விமானம் மாறும் இடத்துக்குச் சக்கர நாற்காலி உதவி கேட்டுப் பதிவு செய்திருக்கிறேன். நடக்க முடியாமல் அல்ல. வழி தெரியாமல் ஓரிடத்தில் நின்றுவிடக் கூடாது என்பதற்காக. நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று இங்கேயே சொல்லிவிட்டாள். கைப்பையை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, தள்ளுகிறவரோடு பேசிக்கொண்டே நடந்துவருவாள் என்று நினைக்கிறேன்.

நான் வரவில்லை என்றதும் போனில் நீ கேட்டாய்: "என்னப்பா திடீர்னு? பிரஷரா?" முழங்கால் என்றேன். முழங்காலுக்கு ஒன்றுமில்லை. நேற்றுக்கூடத் திருச்செங்கோட்டு மலைப்படி ஏறி இறங்கினேன். முழங்கால் என்றது பொய். ஆனால் இந்தக் கடிதம் அந்தப் பொய்யைப் பற்றியது அல்ல. அதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. அதை எழுதச் சொல்லி அம்மா நிபந்தனை போட்டிருக்கிறாள். "நான் அங்க போயி எறங்கறதுக்குள்ள அவனுக்கு எல்லாந் தெரிஞ்சிருக்கோணும். நான் சொல்ல மாட்டனுங்க. நான் சொன்னா அது கோள் சொன்ன மாதர ஆயிரும். பண்ணுனது நீங்க. நீங்களே எழுதுங்க." வியாழக்கிழமை கிளம்புகிறாள். இன்று திங்கள். தபாலில் வந்து சேராது, மெயிலில்தான் அனுப்புவேன்.

நான் காலடி வைக்காத ஊர்களில் எனக்கு நன்றாகத் தெரிந்த ஊர் பிராக். நான்கு மாதம் அதைப் படித்தேன். தடித்த நோட்டு ஒன்று வாங்கினேன். இடது பக்கத்தில் பார்க்க வேண்டிய இடம். வலது பக்கத்தில் அந்த இடத்தில் அம்மாவுக்கு என்ன வேண்டும் என்பது. சிலைகள் நிற்கும் அந்தப் பழைய பாலத்தில் எந்த நேரம் கூட்டம் குறைவு, எங்கே சாய்ந்து நிற்கலாம், கழிப்பறைக்கு எந்தக் கரைக்குத் திரும்ப வேண்டும். கோட்டைக்குக் கீழிருந்து போனால் படிகள். இருபத்திரண்டாம் எண் ட்ராமில் போனால் மேலேயே இறங்கி நேராக நடக்கலாம். தெருவெல்லாம் கருங்கல் பாவியது, செருப்பு தடுக்கும், ஷூ வேண்டும். யாரோ கையில் கேமராவோடு நடந்துபோன வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்து எழுதினேன். முப்பத்தெட்டு வருடம், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரிக்கு ரூட் போட்டவன். எந்தப் பாலத்தில் வண்டி ஏறும், எந்த ஊரில் டீசல் கிடைக்கும் என்று எழுதிய அதே கைதான் இதையும் எழுதியது.

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்: "ஏனுங்க, எல்லாத்தையும் இங்கயே பாத்துப்போட்டு அங்க போயி என்னத்தப் பாக்கறதுங்க?" லேத் பட்டறையில் விஷயம் தெரிந்ததும் அங்கே உட்கார்ந்திருந்த மச்சான் விடவில்லை. "என்ன மச்சா, அங்கியும் போரு போடப் போறியா? ஆத்தோரமாப் போடு, அம்பதடியில தண்ணி." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மகன் வீட்டுக்குப் போகிறேன் என்று அவர்களிடம் நான் சொல்லவில்லை. ஐரோப்பா டூர் என்றேன். உன்னிடமும் அப்படித்தான். ஊர் சுற்றிப் பார்க்க வருகிறோம், விடுதியில் தங்கிக்கொள்கிறோம் என்றேன். "வீட்டுல ரூம் இருக்குப்பா" என்று நீ கோபப்பட்டாய். அறை இருப்பது எனக்குத் தெரியும். அதற்குள் விருந்தாளியாக நுழைய எனக்கு முகம் இல்லை. பயணியாக வந்தால் முகம் தேவையில்லை. டிக்கெட் போதும்.

ஆறு வருடத்துக்கு முன்னால் நீ போன் செய்த நாளுக்குப் போகிறேன். சாயங்காலம். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். "நானும் மார்த்தாவும் கல்யாணம் பண்ணிக்கிறோம். செப்டம்பர்ல. இங்க பழைய நகரமன்றத்துலயே ஒரு மண்டபம் இருக்கு, அங்க. நீங்க ரெண்டு பேரும் வரணும்." நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா அதைக் கையில் எடுத்தாள். "வராம? எஞ்சாமி கல்யாணத்துக்கு வராம நான் எங்க போறேன்!" மறுநாளே பரண் மேலிருந்து பெட்டியை இறக்கிவிட்டாள். அங்கே மஞ்சள் கிடைக்குமா, தேங்காய் உடைத்தால் திட்டுவார்களா என்று என்னைக் கேட்டாள். நான் எல்லாவற்றுக்கும் பார்க்கலாம் என்றேன். பதினோரு நாள் பார்க்கலாம் என்றேன். பிறகு ஒருநாள் காலையில், காப்பி குடித்துக்கொண்டே, மிகச் சாதாரணமாகச் சொன்னேன்: "கடல் தாண்டிப் போற காரியம். ஆத்தாகிட்ட ஒரு உத்தரவு கேட்டுக்கலாம்."

உனக்குத் தெரியும், இருந்தாலும் மார்த்தாவுக்கு நீ சொல்ல வேண்டியிருக்கலாம். நம் குலதெய்வம் மோகனூர் ஆற்றோரத்தில் இருக்கும் ஆத்தா. கல்யாணம், கிணறு, வண்டி வாங்குவது, எதுவானாலும் நம் ஆட்கள் அங்கே பூக் கேட்பார்கள். இரண்டு காகிதப் பொட்டலம். ஒன்றில் வெள்ளை அரளி, ஒன்றில் செவ்வரளி. இரண்டையும் ஆத்தா காலடியில் வைத்துக் கும்பிட்டு, கண்ணை மூடி ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் போகலாம். சிவப்பு வந்தால் நின்றுவிட வேண்டும். எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிக்கக் கூடாது. அப்படியே ஆற்றில் விட்டுவிட வேண்டும். பொட்டலம் மடிப்பது வீட்டு ஆணின் வேலை. பூசாரிகூட அந்தப் பக்கம் பார்க்க மாட்டார்.

ரிக்கில் ஏறிய முதல் வருடம் நான் ஒன்றைக் கற்றுக்கொண்டேன். சேலத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு மாமாவின் வண்டியில் போன புதிது. எந்த மாநிலமானாலும், போர் போடக் கூப்பிட்ட தோட்டக்காரர் எங்களுக்கு முன்பே ஒருவரைக் கூட்டிவந்து வைத்திருப்பார். அவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு காட்டில் நடப்பார். தேங்காய் எழுந்து நிற்கும் இடம்தான் பாயிண்ட். அங்கே போடுவோம். தொள்ளாயிரம் அடி போயும் வெறும் புழுதி வரும். தோட்டக்காரர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஆனால் அவர் தன்னைத் திட்டிக்கொண்டு நான் பார்த்ததில்லை. மண்ணைத் திட்டுவார், தேங்காயைத் திட்டுவார். நான் மேலே நின்று, படித்தவன் என்ற நினைப்பில், உள்ளுக்குள் சிரிப்பேன். முடிவெடுக்கத் தைரியம் இல்லாதவனுக்கு ஒரு தேங்காய் போதுமாக இருக்கிறது என்று மாமாவிடம் சொல்லியிருக்கிறேன். "உனக்கும் ஒரு நாள் வேணுமடா" என்றார் மாமா.

கோயிலுக்குப் பின்னால் இரண்டு அரளிச் செடிகள். செவ்வரளியில் இரண்டு பறித்தேன். வெள்ளைச் செடிப் பக்கம் போகவில்லை. இரண்டு பொட்டலம் மடித்தேன். மடிப்பு பிசகவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். அம்மா வெகுநேரம் கும்பிட்டாள். வலது கையை நீட்டி, இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் நிறுத்தி, இடது பக்கம் இருந்ததை எடுத்தாள். பிரித்தாள். அந்த முகத்தை நான் எழுதப் போவதில்லை. மற்றதை எடுத்துக்கொண்டு படித்துறைக்குப் போனேன். காவிரியில் தண்ணீர் குறைவு. பொட்டலம் போகாமல் கல்லிடுக்கில் சிக்கி நின்றது. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு ஒரு குச்சி எடுத்துத் தள்ளினேன்.

உனக்கு மறுப்புச் சொல்ல எனக்கு வாயில்லை. அதனால் ஆத்தாவைச் சொல்ல வைத்தேன். ஆத்தா சொன்னதை அம்மாவின் கையைக் கொண்டு சொல்ல வைத்தேன். அம்மா சொன்னதை அவள் வாயாலேயே உனக்கும் சொல்ல வைத்தேன். "ஆத்தா வேண்டாம்னுட்டா சாமி. என்ற கை எடுத்தது அப்படி. நான் என்ன பண்ணட்டும்." நீ கத்தினாய். பூவா என் கல்யாணத்தைத் தீர்மானிக்கிறது என்று கேட்டாய். அவள் அழுதாள். நீ வைத்துவிட்டாய். இரண்டு நாள் கழித்து என் எண்ணுக்கு மட்டும் கூப்பிட்டாய். உனக்கு ஞாபகம் இருக்குமா தெரியவில்லை. "நீங்க வந்திருப்பீங்கப்பா. எனக்குத் தெரியும். அம்மாதான் பூவப் புடிச்சுட்டு நிக்குது" என்றாய். நான் "ம்" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன மிக மோசமான வார்த்தை அந்த "ம்". அதன் பிறகு நீ ஒருமுறைதான் வந்தாய். தனியாக, நான்கு நாள். அம்மா வைத்த எதையும் வயிறு நிறையச் சாப்பிடவில்லை. என்னோடு பட்டறைவரை பேசிக்கொண்டே நடந்தாய்.

அந்த நாளிலிருந்து அம்மா வலது கையால் எதையும் தொடங்குவதில்லை. இது உனக்குத் தெரியாது. அடுத்த தெருவில் வீடு கட்டிப் பால் காய்ச்சினால் அடுப்புப் பக்கம் போகாமல் வாசலில் நின்றுகொள்வாள். கல்யாணப் பெண்ணுக்கு மஞ்சள் பூசக் கூப்பிட்டால், "என்ற கை ஆகாதுங்க, வேற ஆராச்சும் பூசுங்க" என்பாள். சிரித்துக்கொண்டே சொல்வாள். அதனால் மற்றவர்களும் சிரிப்பார்கள். தாரா பிறந்தபோது கொலுசும் துணிகளும் அனுப்பினோமே, அதை எதிர்வீட்டு நூர்ஜகான்தான் கடைக்குப் போய் வாங்கினாள். அவளே மடித்தாள், அவளே கட்டினாள், அவளே முகவரி எழுதினாள். "சின்னதுக்கு என்ற கை பட்டது எதும் வேண்டாம் நூரு. நீ பண்ணு, நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்." பக்கத்தில் உட்கார்ந்து எது மேலே, எது கீழே என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பேத்திக்கு ஒரு பார்சல் கட்ட அம்மாவுக்கு நேரமில்லையா என்று நீ என்னிடம் கேட்டாய். அப்போதும் நான் எதுவும் சொல்லவில்லை.

வீடியோவில் தாரா உள்ளங்கையைத் திரையில் வைத்து அழுத்துவாள். மார்த்தா அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது. திரைக்கு இந்தப் பக்கம் நான் கை வைப்பேன். அம்மா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொள்வாள். நீ அதைக் கவனித்தாய், உன் முகம் மாறியது. வேற்று நாட்டுப் பெண் பெற்ற பிள்ளை என்று ஒதுக்குகிறாள் என நினைத்திருப்பாய். கண்ணாடி வழியாகக்கூடக் குழந்தைமேல் தன் கை படக் கூடாது என்று நினைத்தாள், தம்பி.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். முதல் வருடம் பயம். பிறகு, அவளுக்குப் பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பழகியது எனக்குத்தான். ரிக் வண்டிக்காரன் வருடத்தில் முக்கால்வாசி வீட்டில் இருப்பதில்லை. சத்தீஸ்கரில் ஒரு தகரக் கொட்டகையில் உட்கார்ந்துகொண்டு அவள் கையை நான் பார்க்க வேண்டியதில்லை. போன தையில் வண்டியை விற்றேன். அதன் பிறகு காலை முதல் இரவு வரை அவள் என் கண்முன் இருந்தாள். புது அரிசி மூட்டையைப் பிரித்தால் முதல் படியை இடது கையால் அள்ளுவதைப் பார்த்தேன். விளக்குத் திரியை இடது கையால் தூண்டுவதைப் பார்த்தேன். முப்பத்தைந்து வருடம் ஆகிறது எங்களுக்குக் கல்யாணமாகி. ஒரு மாதம் சேர்ந்தாற்போல் அவளைப் பார்த்தது அப்போதுதான்.

அதன் பிறகுதான் அந்த நோட்டு வாங்கினேன். ஒரு வார்த்தையும் சொல்லாமல் எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம் என்று திட்டம். அவளைப் பிராக் கூட்டிப்போவது. பாலம், கோட்டை, கடிகாரம். நான்காம் நாள், நீ தாலி கட்டாமல் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்த அந்த மண்டபத்தின் வாசல். அங்கே நின்று தாராவைத் தூக்கி அவள் கையில் கொடுத்துவிட்டால் போதும் என்று நினைத்தேன். எல்லாம் தானாகக் கரைந்துவிடும். ஆறு வருடத்தை எட்டு நாள் சுற்றுலாவில் கரைக்கப் பார்த்தேன். நோட்டில் எவ்வளவு எழுதினேனோ அவ்வளவுக்கு நல்லவனாகிக்கொண்டிருப்பதாக ஒரு நினைப்பு.

முதலில் அவள் காது கொடுக்கவில்லை. "ஆத்தா வேண்டாம்னது வேண்டாம்னதுதானுங்க." அது கல்யாணத்துக்குச் சொன்னது, இது ஊர் பார்க்கப் போவது என்றேன். "வக்கீலாட்டப் பேசறீங்க" என்றாள். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக நோட்டுப் பக்கம் வந்தாள். மணிக்கு ஒருதரம் அந்தப் பழைய கடிகாரத்தில் சன்னல் திறந்து பொம்மைகள் நகர்வதையும், கடைசியில் பொன்னிறச் சேவல் ஒன்று கூவுவதையும் போனில் காட்டினேன். இரண்டாம் தரம் போடச் சொன்னாள். "நாமக்கல்லுல இருந்து போன சாவலா இருக்கும், தொண்டையப் பாருங்க" என்றாள். ஷூ வாங்கப் போனோம். கடைக்குள்ளேயே நடந்து காட்டி, "போலீசு மாதர இருக்குதுங்க" என்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் அந்த இடத்திலேயே சொல்லியிருப்பேன். பிறகு ஒருநாள் சொன்னாள்: "சரிங்க, போலாம். ஆனா இன்னொருக்கா பூக் கேட்டுப்போட்டுத்தான்."

இந்த முறை வெள்ளையில் இரண்டு பறித்தேன்.

ஒன்று வெள்ளை ஒன்று சிவப்பு என்று வைத்திருக்கலாம். ஆத்தாவிடமே விட்டிருக்கலாம். அந்த எண்ணம் எனக்கு வந்தது, போய்விட்டது. சிவப்பு வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். ஏமாற்றியே பழகியவனுக்கு நேராக விளையாடத் தெரியாது. பொட்டலங்களை வைத்தேன். அம்மா கும்பிட்டாள். கையை நீட்டவில்லை. "என்னால ஆகாதுங்க. நீங்க எடுங்க" என்றாள். நான் வலது பக்கம் இருந்ததை எடுத்துப் பிரித்தேன். வெள்ளை. அவள் அழுதாள். ஆத்தா, ஆத்தா என்று நாலைந்து முறை சொன்னாள். பூசாரி திருநீறு கொடுத்தார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

மற்றப் பொட்டலத்தை நான் எடுப்பதற்குள் அவள் எடுத்துக்கொண்டாள். "இத நான் உடறனுங்க." படித்துறைவரை போனோம். கடைசிப் படியில் உட்கார்ந்தாள். தண்ணீரில் விடாமல் கையிலேயே வைத்திருந்தாள். உடு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றேன். "இருங்க. நான் எடுத்திருந்தா இதத்தான் எடுத்திருப்பனுங்க. எனக்கு இடது பக்கந்தான் கை போகும். அன்னைக்கும் அப்படித்தான்." பிரிக்கக் கூடாது என்றேன். "தெரியுமுங்க. என்ற கை ராசி இன்னமும் அப்படியே இருக்குதான்னு ஒருக்காப் பாத்துப்போட்டு உட்டர்றேன்." சிவப்பை எதிர்பார்த்துத்தான் பிரித்தாள். தன் கையைப் பற்றிய தீர்ப்பை இன்னொரு முறை படித்துக்கொள்ளப் பிரித்தாள்.

வெள்ளையைப் பார்த்தாள். முதலில் சந்தோஷம்தான் வந்தது, நான் பார்த்தேன். ஒரு நொடி இருக்கும். பிறகு நான் எடுத்த பூ என் சட்டைப் பையில் இருந்ததைப் பார்த்தாள். பிறகு என்னை.

"ரெண்டும் வெள்ளைங்களா?"

பையிலிருந்த பூவைக் கையால் மூடினேன்.

"அப்ப அன்னைக்கு?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவள் கத்துவாள், அறைவாள், ஆற்றில் இறங்குவாள் என்றெல்லாம் ஒரே கணத்தில் நினைத்தேன். அவள் பூவைக் காகிதத்தில் திரும்ப மடித்தாள். மெதுவாக, மூலைக்கு மூலை சேர்த்து மடித்தாள். "ஆறு வருசமுங்க" என்றாள். "எம்பையன் என்னைய எப்படியெல்லாம் பேசுனான். நீங்க பக்கத்துல நின்னுட்டிருந்தீங்களே." அவ்வளவுதான். பஸ்ஸில் முன்னால் பெண்கள் சீட்டில் போய் உட்கார்ந்தாள். நாமக்கல்லில் வண்டி மாறும்போது எனக்காகத் திரும்பிப் பார்க்கவில்லை.

அதன் பிறகு ஒன்பது நாள், தண்ணி வந்துருச்சு, கரண்டு போச்சு, சோறு வச்சிருக்குது. இவ்வளவுதான் பேச்சு. சமைத்தாள், பரிமாறினாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுக்கும்போதெல்லாம் எழுந்து போனாள். பத்தாம் நாள் வந்து நின்றாள். "எனக்கு மட்டும் விசாப் போடுங்க. நீங்க வர வேண்டாம்." சரி என்றேன். இந்த நோட்டையாவது எடுத்துக்கொண்டு போ, வழி எல்லாம் இருக்கிறது என்று நீட்டினேன். வாங்கவில்லை. "அவன் காட்டறதப் பாத்துக்கறனுங்க. நீங்க போட்ட வழியில நான் போகல."

சென்னைக்கு நான்தான் கூட்டிப்போனேன். விசா மையத்தில் ஃபைலைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். கவுண்டரில் இருந்த பெண், "வலது கை நாலு விரலையும் கண்ணாடில வைங்கம்மா" என்றாள். அம்மா இடது கையை நீட்டினாள். "வலதும்மா." வைத்தாள். மிஷின் படிக்கவில்லை. ரேகை தேய்ந்திருந்தது. "நல்லா அழுத்துங்கம்மா." அழுத்தினாள். மூன்றாம் தரம் வந்தது. எல்லோரிடமும் சொல்வதுபோல அந்தப் பெண் சொன்னாள்: "சூப்பர்மா. அழகா வந்துருச்சு." அம்மா கையை எடுத்து விரித்துப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றாள். பின்னால் இருந்தவர்கள் நகரச் சொன்னார்கள். என்னைப் பார்க்கவே இல்லை. நான் அங்கே ஃபைல் பிடிக்கிற ஆள்.

இதில் உனக்குச் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று யோசித்தேன். பெற்றவன் கடிதம் என்றால் இரண்டு புத்திமதியாவது இருக்கும். என்னிடம் இருப்பது ஒன்றுதான், அதுவும் யோக்கியதை இல்லாத இடத்திலிருந்து. தாரா வளர்ந்து உன்னிடம் ஏதாவது கேட்பாள். உனக்குப் பிடிக்காததாக இருக்கும். பிடிக்கவில்லை என்றால் அதை உன் வாயால் சொல். அவள் உன்னோடு சண்டை போடட்டும். மார்த்தாவின் வாயில் அதை வைக்காதே. சண்டை போட்டவன் திரும்பி வருவான். நீ என்னோடு சண்டை போட்டிருந்தால் இந்நேரம் தீர்ந்திருக்கும். சண்டைக்கு நான் ஆளை மாற்றிவிட்டேன்.

இதுவரை எழுதியதை இன்று மத்தியானம் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிறுத்தச் சொல்லவில்லை. முடித்ததும் சொன்னாள்: "ஒண்ணு உட்டுப்போட்டீங்க. ஏன் பண்ணுனீங்கன்னு எழுதலீங்களே." சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்களோ என்று பயந்தேன், அதைச் சேர்த்துவிடுகிறேன் என்றேன். கத்தியைக் கீழே வைத்தாள். "ஒறம்பரை மேல போடாதீங்க. ஆரு என்ன சொன்னா? உங்க பெரியம்மாகூட, புள்ளை நல்லாருந்தாச் சரீன்னுதான் சொன்னாங்க. மறுக்காவும் இன்னொருத்தர் தலையிலயே வெக்கறீங்க பாருங்க."

அவள் சொல்வது சரி. அதனால் எழுதுகிறேன். சாதி இல்லை, நாடு இல்லை, மார்த்தா இல்லை. நீ என்னைக் கேட்கவில்லை, தம்பி. சொன்னாய். தேதி, இடம், மண்டபம் எல்லாம் முடித்துவிட்டு வாருங்கள் என்றாய். அந்த ஒரு போனில் நான் அழைக்கப்பட்டவர்களில் ஒருவனாகிவிட்டேன். உன்னை வளர்க்க நான் ஊரில் இருந்ததில்லை, கேட்கும் பழக்கம் உனக்கு எங்கிருந்து வரும் என்பது இப்போது புரிகிறது. அன்று புரியவில்லை. என் சொல் எங்காவது ஓர் இடத்தில் செல்ல வேண்டும் என்று இருந்தது. உன்னிடம் செல்லாது. அது சென்ற ஒரே இடம் அம்மா. அங்கே அதைச் செலுத்திப் பார்த்தேன். காரணம் இவ்வளவுதான். எழுதிப் பார்த்தால் இன்னும் சின்னதாக இருக்கிறது.

இந்தப் பத்தியையும் படித்துக் காட்டினேன். "ம். இப்ப அனுப்புங்க" என்றாள். நறுக்கிய காயைச் சட்டியில் அள்ளிக்கொண்டு எழுந்தவள், சமையலறை வாசலில் நின்றாள்.

"ஏனுங்க. திரும்பி வார தேதிய மாத்திக்கலாமுங்களா?"

"மாத்தலாம். விசா தொண்ணூறு நாளைக்குப் போட்டிருக்காங்க."

"சரிங்க" என்று உள்ளே போனாள். அடுப்பைப் பற்ற வைத்தாள்.

டிக்கெட் பதினைந்து நாளுக்குத்தான் இருக்கிறது. அவள் தேதியை மாற்றச் சொன்னால் மாற்றிக் கொடு. தொண்ணூறு நாளுக்கு மேல் ஏதாவது வழி உண்டா என்று கேட்டால் அதையும் விசாரி. என்மேல் வரும் கோபத்தை நீ எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள். அவளிடம் எனக்காகப் பேச வேண்டாம். அப்பா தனியாக இருக்கிறார் என்று மட்டும் அவள் காதில் போட்டுவிடாதே. போட்டால், அவள் வந்துவிடுவாள்.

அப்பா